பெருவுக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறோம்: வழி, செலவு, பாதுகாப்பு எப்படி?

செந்தூல்வாசி

வணக்கம். நானும் தங்கையும் அடுத்த ஜூனில் பெரு போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம், அதைக் கேட்ட அம்மா நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வயது 63, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் தைப்பூசத்துக்கு பத்துமலையின் 272 படியையும் எங்களுக்கு முன்னால் ஏறிவிடுவார். மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம் மாச்சு பிச்சு பார்த்தே ஆக வேண்டும், மற்றது எப்படி அமைந்தாலும் சரி. இரண்டு வாரத்துக்கு ஆளுக்கு 12,000 மலேசிய வெள்ளிக்குள் முடியுமா? டிக்கெட் தேடினால் மலிவாக வருவதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் வழியாகவே காட்டுகிறது, அதை எடுக்கலாமா? இதற்கு நடுவில் மாமா ஒருவர், 2023இல் லிமாவில் மோசடிக் கும்பலிடமிருந்து 43 மலேசியர்களை போலீஸ் மீட்ட செய்தியைத் தேடி எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, பெண்பிள்ளைகள் அங்கே எதற்கு என்று ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், அம்மா வெள்ளிக்கிழமை சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்

முதலில் மாமாவுக்குப் பதில்: அந்த 43 பேரும் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இல்லை. வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துப் போய் ஒரு வீட்டில் அடைத்து வைத்து, போனில் ஆட்களை ஏமாற்ற வைத்தார்கள். உங்கள் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது இலவச டிக்கெட் தருகிறேன் என்றால் மட்டும் மாமா சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் டிக்கெட்டை எடுக்காதீர்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் வேண்டும். மூன்று பேருக்கு விசா கட்டணம், நேர்காணல், அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு எங்கே போனதென்று தெரியாது. ஐரோப்பா வழியாகப் பாருங்கள், ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் மாட்ரிட்டிலிருந்தும் லிமாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஷெங்கன் நாடுகளுக்கு நமக்கு விசா கேட்பதில்லை, அதனால் இடையில் ஒரு இரவு தங்கி அம்மாவுக்குக் காலை நீட்டிப் படுக்க நேரம் கொடுக்கலாம். ஆம்ஸ்டர்டாம் – லிமா மட்டுமே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் அடுத்தவன் காத்திருக்க மாட்டான். பெருவுக்குச் சுற்றுலா போக நமக்கு விசா இல்லை.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கேட்பது பெரு இல்லை, நம் ஊர்தான். பெரு அந்தக் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து திரும்பும்போது கோலாலம்பூர் விமான நிலையத்தில் (கேஎல்ஐஏ) ஊசி போட்ட சான்றிதழான மஞ்சள் அட்டையைக் காட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சுகாதார அமைச்சு அங்கீகரித்த கிளினிக்கில்தான் போட வேண்டும். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் முறை போடும்போது பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்னால் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் சிலி பாருங்கள், அந்தப் பட்டியலில் சிலி இல்லை. அங்கே மாச்சு பிச்சு இல்லைதான், என்ன செய்வது.

பாயான்லெப்பாஸ் அக்கா

பினாங்கிலிருந்து நானும் வீட்டுக்காரரும் போய் வந்தோம். பத்துமலைப் படியை வைத்துக் கணக்குப் போடாதம்மா, அங்கே பிரச்சினை படி இல்லை, உயரம். மாச்சு பிச்சுவுக்குப் போக விமானத்தில் இறங்கும் கூஸ்கோ நகரம் 3,400 மீட்டர், நம் கெந்திங் மலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லிமா கடலோரம். காலையில் கடலோரத்தில் பசியாறிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய் இறங்கினால் மாரத்தான் ஓடுகிறவனுக்கும் தலைவலி, வாந்தி வரும். எங்கள் கூட வந்த வாட்டசாட்டமான பையன் ஹோட்டல் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான், பெட்டியை வேலை செய்யும் அம்மாள்தான் தூக்கிக்கொண்டு போனார்.

அதனால் கூஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேராக ஒரு வேன் பிடித்து உருபம்பா அல்லது ஒல்லாண்டைடாம்போவுக்கு இறங்கிவிடுங்கள், அது 2,800 மீட்டர் சொச்சம். ஓரிரு இரவு அங்கே தங்கி, அங்கிருந்தே ரயிலேறி மாச்சு பிச்சு பார்த்துவிடலாம், அது 2,430 மீட்டர்தான். கூஸ்கோவைக் கடைசியாக வைத்துக்கொண்டால் அதற்குள் உடம்பு பழகியிருக்கும். உயரத்துக்கு மாத்திரை உண்டு, ஆனால் அது சிறுநீரைக் கூட்டும் மருந்து, அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும், ஃபார்மசியில் நீங்களே வாங்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் வரும் வானவில் மலையை விட்டுவிடுங்கள், 5,000 மீட்டருக்கு மேல், நம் கினபாலு மலை உச்சியே 4,095தான்.

மாச்சு பிச்சு டிக்கெட்டை அரசாங்கத் தளத்தில் முன்கூட்டியே எடுங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் வயது வந்தவர் ஒருவருக்கு 152 சோல், அதுதான் பெரு நாணயம். ஒரு சோல் நம் ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் கூட. உள்ளே நடக்கும் பாதைகளைச் சுற்று என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 2ஆம் சுற்றில்தான் எல்லாரும் எடுக்கும் அந்தப் படமும் கிடைக்கும், உள்ளே கட்டடங்களுக்கு நடுவிலும் நடக்கலாம், அதனால் அதுதான் முதலில் தீரும். 3ஆம் சுற்று கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு, முட்டி வலி உள்ளவர்களுக்கு நல்லது. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போக வேண்டும். ரயில்தான் கையைக் கடிக்கும், போக வர ஆளுக்கு 100 டாலரைத் தாண்டிவிடும். இளவட்டப் பிள்ளைகள் வேனில் ஆறு, ஏழு மணி நேரம் போய் தண்டவாளம் ஓரமாகப் பத்து கிலோமீட்டர் நடந்து செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

ஜூன் 24 கூஸ்கோவில் இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா, அந்த வாரம் அறை வாடகை ஏறிவிடும். மே மாதம் போக முடிந்தால் மழையும் இல்லை, கூட்டமும் குறைவு.

கிள்ளான் சாலை

லிமாவில் எனக்கு வேலை விஷயமாகப் பழக்கம். பயப்படும்படி இல்லை என்று சொல்ல மாட்டேன், வழிப்பறி இருக்கிறது, ஆனால் நம் ஊரில் மோட்டார்காரன் கைப்பையை இழுத்துக்கொண்டு போவானே, அந்த எச்சரிக்கையோடு இருந்தால் பெரும்பாலும் போதும். லிமாவின் மிராஃப்ளோரெஸ் அல்லது பாரான்கோ பகுதியில் தங்குங்கள். விமான நிலையம் இருப்பது காயாவ் பகுதியில், இருட்டிய பிறகு அங்கே நடக்க வேண்டாம், வெளியே வந்து தெரு டாக்சி பிடிக்கவும் வேண்டாம். உள்ளேயே பதிவு செய்யும் வண்டி, இல்லாவிட்டால் மிராஃப்ளோரெஸ் போகும் விமான நிலைய பஸ். தெருவோரத்தில் நின்று போனில் வரைபடம் பார்க்கிறவர்களுக்குத்தான் போன் போகிறது.

நம் வெள்ளியை அங்கே யாரும் மாற்ற மாட்டார்கள். மஸ்ஜிட் இந்தியாவிலோ மிட் வேலியிலோ டாலர் வாங்கும்போது புது நோட்டாகக் கேளுங்கள், ஓரத்தில் நூலளவு கிழிந்திருந்தாலும் லிமாவில் திருப்பித் தந்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பயமே இல்லை. மதியம் சின்னக் கடைகளில் சூப், சோறு, குடிக்க ஏதாவது என்று பத்து முதல் இருபது சோலுக்குள் வயிறு நிறையும். சீனர் கடைகளில் கிடைக்கும் சாவ்ஃபா சோறு நம் நாசி கோரெங்குக்கு உறவுதான். லோமோ சல்தாதோ மாட்டிறைச்சி, தெருவில் சுடும் ஆன்டிகுச்சோ மாட்டு இதயம், இரண்டையும் பெயரை வைத்து ஒதுக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு கினுவா என்ற தானியத்தில் செய்யும் சூப் கேட்கலாம், ஆனால் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரா என்று விசாரிக்காமல் குடிக்க வேண்டாம்.

12,000 முடியும், விமானம் 7,000க்குள் கிடைத்தால். ஏழு என்பது எட்டரை ஆனால் முடியாது, ஒரு நான்கு நாளைக் குறையுங்கள். இன்சூரன்சில் மட்டும் கை வைக்காதீர்கள். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மாச்சு பிச்சுவையே மூடினார்கள், ரயில் நின்று சுற்றுலா வந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மலையிலிருந்து இறங்கிய மறுநாளே கோலாலம்பூர் விமானம் என்று வைக்காமல் லிமாவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். நம் தூதரகம் லிமாவிலேயே இருக்கிறது, முகவரியை மாமாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குக் கிளினிக்கில் பேசிவிட்டு டிக்கெட் பார்க்கிறேன், மே மாத லீவுக்கு மேனேஜரைக் கேட்க வேண்டும். கோகா இலை டீ உயரத்துக்கு நல்லது என்கிறார்களே, அத்தைக்கும் கொஞ்சம் வாங்கி வரலாமா?

பாயான்லெப்பாஸ் அக்கா

ஐயோ வேண்டாம்! அங்கே அது சட்டப்படி சரி, ஹோட்டலில் வெந்நீரோடு சும்மாவே வைத்திருப்பார்கள், குடித்துவிட்டு வாருங்கள். இங்கே மலேசியாவில் கோகா இலை 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. டீ பொட்டலமாக இருந்தாலும் இலை இலைதான். கிளம்பும் முன் அம்மாவின் கைப்பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஹோட்டலில் சும்மா கிடைப்பதை எடுத்து வைக்காத அம்மா நம்மில் யாருக்கு இருக்கிறார். அத்தைக்கு அல்பாகா சால்வை வாங்குங்கள், பேரம் பேசலாம்.