ரீஃப்ளோ ஓவன்: நைட்ரஜனை ஏற்ற ஏற்ற ஆக்சிஜனும் ஏறுகிறதே, ஏன்?

இரவுஷிப்ட்:
வணக்கம். சர்க்யூட் போர்டில் பாகங்களைச் சால்டர் உருக்கி ஒட்டும் பத்து சோன் (வெப்பப் பகுதி) ஓவன், சாக் 305 என்ற ஈயமில்லாத சால்டர் பேஸ்ட். ஆக்சிஜனைக் குறைக்க உள்ளே நைட்ரஜன் விடுகிறோம். ஆக்சிஜன் 800 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அசையாமல் நிற்கும். இரண்டு வாரமாக 2,500. ஃப்ளோவை மணிக்கு 20 கன மீட்டரிலிருந்து 24, பிறகு 28 என்று ஏற்றினேன். இறங்குவதற்குப் பதில் 3,000 தாண்டிவிட்டது. நைட்ரஜன், காற்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் எங்கள் பிஎஸ்ஏ ஜெனரேட்டரிலிருந்துதான் வருகிறது. முன்பெல்லாம் லோடு (காற்றை அழுத்துவது), அன்லோடு (சும்மா சுற்றுவது) என்று மூச்சு வாங்கி ஓடிய அதன் கம்ப்ரசர் இப்போது அன்லோடே ஆவதில்லை. கரண்ட் செலவைக் கேட்டு மேனேஜர் தினமும் வந்து நிற்கிறார். டனல் கேஸ்கெட்டையெல்லாம் தடவிப் பார்த்தாயிற்று.

பழையமெயின்டனன்ஸ்:
தம்பி, முதலில் அந்த வால்வை 20-க்கே திருப்புங்கள். ஜெனரேட்டர் நேம் பிளேட்டில் என்ன போட்டிருக்கிறது?

இரவுஷிப்ட்:
25 கன மீட்டர், 99.99 சதவீதம்.

பழையமெயின்டனன்ஸ்:
28 இழுத்தால் எப்படி? உள்ளே இருக்கும் கார்பன் சல்லடை ஆக்சிஜனைப் பிடித்து வைக்க நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் பிடிக்காததும் சேர்ந்து வரும். 99.99 என்றால் 100 பிபிஎம் ஆக்சிஜன். 99.9-க்கு விழுந்தால் வரும் நைட்ரஜனிலேயே 1,000 பிபிஎம். அதை எவ்வளவு ஊற்றினாலும் ஓவனில் 800 வராது. ஆனால் இது நீங்களாக வரவழைத்தது. 20-ல் இருந்தபோதே ஏறியதே, அதற்குக் காரணம் வேறு. ஆக்சிஜன் அளக்கும் அனலைசரின் குழாயை ஓவனில் இருந்து கழற்றி சப்ளை லைனில் போட்டு அளந்து பாருங்கள். ரெகுலேட்டர் வழியாக, அழுத்தத்தைக் குறைத்துத்தான்!

பேஸ்ட்பிரிண்டர்:
அதற்கு முன் சாம்பிள் குழாய் ஜாயின்ட்டுகளையும் பாருங்க சார். பம்ப் உறிஞ்சுகிற லைன் அது, நூலளவு இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் ரீடிங் ஏறிவிடும். எங்களிடம் ஃபில்டர் கப் ஓ-ரிங் வெடித்திருந்தது, ஒரு வாரம் ஓவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இரவுஷிப்ட்:
ஜாயின்ட் எல்லாம் சரி. சப்ளையில் 20 ஓடும்போது 90 பிபிஎம், 28-ல் 1,400. நீங்கள் சொன்னபடியேதான் அண்ணா. 20-ல் ஓவனுக்குள் இன்னும் 2,500.

பழையமெயின்டனன்ஸ்:
அப்படியானால் காற்று ஓவனில்தான் நுழைகிறது. இரண்டு வாரத்துக்கு முன் என்ன வேலை நடந்தது? ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றை என்ட்ரி வாயில் தொங்கவிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுங்கள்.

இரவுஷிப்ட்:
உள்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது! எக்ஸிட்டிலும் அப்படியே. இப்போதுதான் உறைக்கிறது: அப்போது எக்ஸாஸ்ட் டக்டை (புகை போகும் குழாய்) கழற்றிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே விரல் தடிமனுக்குப் பேஸ்ட்டிலிருந்து ஆவியாகிப் படிந்த ஃப்ளக்ஸ் பிசின்.

பழையமெயின்டனன்ஸ்:
அதேதான். அடைத்திருந்த டக்டுக்கு ஏற்றபடி டேம்பரை (டக்டில் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் தகடு) திறந்து வைத்திருக்கிறார்கள். அடைப்புப் போனதும் அதே திறப்பு பேய் மாதிரி இழுக்கிறது. நைட்ரஜனும் அதோடு போகிறது, அந்த இடத்துக்கு இரு வாயிலும் காற்று புகுகிறது. டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள், பேப்பர் லேசாக வெளியே அசையும் வரை. முழுக்க மூடிவிடாதீர்கள்; புகையும் நைட்ரஜனும் ஹாலில் தேங்கும். ஹாலில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து; இன்னும் இறங்கினால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சரிந்துவிடுவார்.

இரவுஷிப்ட்:
மூன்று தடவையில் 820-க்கு வந்தது, ஃப்ளோ 20. கம்ப்ரசர் அன்லோடு சத்தம் கேட்டதும்தான் உயிர் வந்தது. ஹாலில் ஆக்சிஜன் 20.8. இனி 300 வரை இறக்கலாமா?

பேஸ்ட்பிரிண்டர்:
எதுக்கு சார்? ரொம்ப இறக்கினால் உருகிய சால்டர் பட்டென்று பரவி ஒட்டி, சின்ன சிப்பெல்லாம் ஒரு காலில் எழுந்து நிற்கும். மாறாக 1,500-ல் ஒரு லாட் போர்டு ஓட்டி சால்டர் ஜாயின்ட்டைப் பாருங்கள். நன்றாக இருந்தால் ஃப்ளோவை இன்னும் குறைக்கலாம். தூய்மை கூடக்கூட ஒரு கன மீட்டர் நைட்ரஜனுக்கு ஆகும் காற்றும் கூடும், கம்ப்ரசர் கரண்ட் அங்கேதான் போகிறது.

இரவுஷிப்ட்:
நாளை ஒரு லாட் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன். டேம்பர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன்.

பழையமெயின்டனன்ஸ்:
தேதியையும் எழுதுங்கள். அடுத்த முறை டக்ட் சுத்தம் செய்கிறவர் அந்தக் கோட்டையும் சேர்த்துத் துடைப்பார், பாருங்கள்.