ஊரடங்குக் காலத்தில் மோசடி பெருகியதா, இடம் மாறியதா?

அவிநாசி ரோடு (திருப்பூர்) கேட்டது:

வணக்கம். சிறு பனியன் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினருக்காக ஒரு பயிற்சிக் குறிப்பு தயாரித்து வருகிறேன். 2020, 2021 ஊரடங்குகளால் இணைய மோசடி பெருகியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால், அந்தக் கட்டுப்பாடுகள் எந்த வழியாக மோசடிக்காரர்களுக்கு உதவின என்று விளக்குவாரைக் காணோம். செல்போனில் பணம் அனுப்பும் பழக்கம் முன்பே பரவிக்கொண்டிருந்ததால், தொற்று வராவிட்டாலும் இதே பெருக்கம் நேர்ந்திருக்கும் அல்லவா? எவை கட்டுப்பாடுகளோடு வந்து போயின, எவை தங்கிவிட்டன என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களை நம்பிப் பணம் கட்டி ஏமாந்த நம் பகுதியில் "ஏமாறாதீர்கள்" என்ற பொது அறிவுரைக்கு மதிப்பில்லை.

பவானிக்கரை (ஈரோடு, வழக்கறிஞர்):

உங்கள் ஐயம் நியாயமானதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டில் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 2018இல் 27,248, 2019இல் 44,735, 2020இல் 50,035. அதாவது, பெரிய பாய்ச்சல் தொற்றுக்கு முந்தைய ஆண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. ஊரடங்கு ஆண்டின் உயர்வு 11.8 விழுக்காடுதான். எனினும், வீட்டை விட்டு வெளியேறவே முடியாத மாதங்களில் காவல் நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும், புகார்கள் அனைத்தும் வழக்காகப் பதிவாவதில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். 2020இல் ஒட்டுமொத்தக் குற்றங்கள் 28 விழுக்காடு கூடியதாகச் சிலர் மேற்கோள் காட்டுவதை நான் ஏற்பதில்லை. ஊரடங்கை மீறியவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போடப்பட்ட வழக்குகளே அந்த உயர்வுக்குப் பெரிதும் காரணம். அவை 29,469இலிருந்து 6,12,179 ஆயின. அதே ஆண்டில் திருட்டு வழக்குகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன.

பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த 2020 ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கூடியவை முக்கியமாக இணையவழிக் கொள்முதல் மோசடியும், மின்னஞ்சல் மற்றும் சமூக ஊடகக் கணக்குகளைக் கைப்பற்றுதலும். பாதிப்பு பெரும்பாலும் தனிமனிதர்களுக்கே. 1979இல் சமூகவியலாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் முன்வைத்த கருத்துப்படி, குற்றம் செய்ய முனைபவர், தகுந்த இலக்கு, காவல் இல்லாத நிலை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதுதான் குற்றம் நிகழும். ஊரடங்கு அந்த ஓரிடத்தைத் தெருவிலிருந்து திரைக்கு மாற்றியது என்பதே என் கருத்து.

வந்து போனவை என்றால், ஊரடங்கில் பயணம் செய்யத் தேவைப்பட்ட இ-பாஸ் அனுமதியை வாங்கித் தருவதாகப் பணம் பறித்தது, 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த கடன் தவணைத் தள்ளிவைப்பைச் சாக்கிட்டு ஓ.டி.பி. கேட்டது, 2021 மே மாதத்தில் ரெம்டெசிவிர் மருந்து, ஆக்சிஜன் பெயரால் முன்பணம் வாங்கியது ஆகியவற்றைச் சொல்லலாம். செல்போனில் உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் மோசடிச் செயலிகளோ வேலையிழந்தவர்களிடம் வேரூன்றிவிட்டன. 2020 டிசம்பர் 23 அன்றே ரிசர்வ் வங்கி எச்சரித்தும், டிஜிட்டல் கடனுக்கான விதிமுறைகள் வர 2022 செப்டம்பர் ஆயிற்று.

நொய்யல் (ஏற்றுமதி அலுவலகக் கணக்கர்):

வழக்கறிஞர் ஐயா தனிமனிதர்களைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் நம் தொழிலில் இழப்பு பெரிதாக இருந்தது மின்னஞ்சல் வழி வங்கிக் கணக்கை மாற்றிய மோசடியில். இது முன்பே இருந்ததுதான். எங்களோடு தொழில் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். "ஊரடங்கால் எங்கள் வங்கிக் கிளை இயங்கவில்லை, இந்தத் தவணையை வேறு கணக்குக்கு அனுப்புங்கள்" என்று அந்த நிறுவனமே எழுதியதுபோல ஐரோப்பாவில் உள்ள அதன் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போயிற்று. இன்வாய்ஸ் எண், பீஸ் கணக்கு, தொகை எல்லாம் சரியாக இருந்தன. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகள் ஒட்டி நின்றன. செல்போன் திரையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமான நாளில் அங்குள்ள கணக்கர் பக்கத்து மேசையில் கேட்டிருப்பார், அல்லது இங்கே தொலைபேசியில் அழைத்திருப்பார். அவர் வீட்டில் இருந்தார், இங்கே அலுவலகத் தொலைபேசி ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பணம் தாமதமானால் நாம் உடனே கேட்போம்; அதுதான் நம் எச்சரிக்கை மணி. ஆர்டர்கள் ரத்தாகி, தள்ளுபடி கேட்டு, எல்லாப் பணமுமே தாமதமாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஒரு தவணை வராதது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பணம் போன செய்தி தெரிவதற்குள் அந்தக் கணக்கு காலியாகிவிட்டது.

பழையகோட்டை ரோடு (காங்கயம்):

தொழில் நகரங்களைத் தாண்டியும் பாருங்கள். பழையகோட்டை மாட்டுத்தாவணி (மாட்டுச் சந்தை) அடைக்கப்பட்ட காலத்தில் காங்கயம் மாடுகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் விலைபோயின. தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிக்கும்வரை தரகர் ஒருவர் இரு தரப்புக்கும் பொறுப்பாக நிற்பார். குழுவில் இருந்ததோ ஒரு படமும் ஓர் எண்ணும்தான். ஒரே காரிப் பசுவின் படத்தை வெவ்வேறு ஊர்களின் பெயரில் போட்டு, முதலில் முன்பணம், அடுத்து வண்டி வாடகை என்று வாங்கிக்கொண்டு எண்ணை அணைத்துவிட்டார்கள். தரகுக் கூலியை மிச்சப்படுத்தியதாக எண்ணியவர்களே அதிகம் இழந்தனர். தாவணி மறுபடி கூடிய பிறகும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. ஆகவே இதைத் தங்கிவிட்டவற்றில் சேர்க்க வேண்டும்.

அவிநாசி ரோடு:

அனைவருக்கும் நன்றி. நொய்யல் அண்ணன் சொன்ன தாமதக் காரணத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஒரு கேள்வி மட்டும்: இப்படி மாறிப்போன பணத்துக்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்தால் பயன் உண்டா?

பவானிக்கரை:

2021இல் 155260 என்று தொடங்கிப் பின்னர் 1930 ஆன அந்த உதவி எண், இங்குள்ள கணக்கிலிருந்து போன பணத்தை அடுத்தடுத்த கணக்குகளில் நிறுத்திவைப்பதற்கானது. நொய்யல் சொன்னது போன்ற நேர்வில் பணம் வாடிக்கையாளரின் நாட்டிலிருந்து கிளம்பியது. எனவே அதை அனுப்பிய வங்கியிடம் அவரே உடனடியாகத் திரும்பப்பெறும் கோரிக்கை கொடுத்து, அங்குள்ள காவல்துறையிலும் புகார் செய்தாக வேண்டும். நீங்கள் இங்கே புகார் அளித்து, உங்கள் மின்னஞ்சல் கணக்கில் எவரேனும் நுழைந்தார்களா என்பதற்கான பதிவுகளை அழியாமல் எடுத்து வையுங்கள். இழப்பு யாருடையது என்ற வழக்கில், கசிவு எந்தப் பக்கம் நேர்ந்தது என்பதே முதலில் கேட்கப்படும். கணக்கு எண் மாற்றத்தை மின்னஞ்சலில் மட்டும் தெரிவித்தால் செல்லாது என்ற வரியை ஆர்டர் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. பயிற்சிக் குறிப்பின் முதல் பக்கத்தில் அதைப் போடலாம்.