ஆய்வாளர்களுக்கு இன்னும் சில மாதங்கள் கிடைத்திருந்தால்?

கீழக்கரை மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் தடை செய்யப்பட்ட ஆயுதங்களை ஈராக் ஒளித்து வைத்திருக்கிறது என்று சொல்லி அமெரிக்கா தொடுத்த 2003 ஈராக் போரைத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். ஐ.நா. ஆயுத ஆய்வு தோற்றதால்தான் போர் வந்தது என்னும் அணிக்கு எதிராக நான் பேச வேண்டும். அந்த மார்ச் மாதம் வாப்பா குவைத்தில் இருந்தார்கள். விஷவாயுவுக்குப் பயந்து சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, கதவடியில் ஈரத் துண்டைத் திணித்து, ஏழு பேர் ஒரே அறையில் கிடந்ததையும், 29ஆம் தேதி அதிகாலையில் சூக் ஷர்க் வணிக வளாகத்தருகே ஏவுகணை விழுந்த சத்தத்தையும் இன்றும் சொல்வார்கள். “ஏவுகணைதான் வந்து விழுந்ததே, அப்புறம் ஆய்வாளர்கள் எதைப் பார்த்தார்கள்?” என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வு உண்மையிலேயே தோற்றதா? வரும் ஏவுகணையை வானிலேயே அடிக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு இருந்தும் அந்த ஏவுகணை எப்படி உள்ளே வந்தது?

மண்டபம் கருவாட்டுக்காரர்:
தம்பி, கணக்கில் வராத பொருளை எங்கோ இருக்கும் பொருளாக எடுத்துக்கொண்டதில்தான் வினையே தொடங்கியது. 2001இல் கடல் அட்டைக்குத் தடை வந்த பின் எங்கள் கருவாட்டுக் கொட்டகைக்கு ஒருமுறை சோதனைக்கு வந்தார்கள். தடைக்கு முன் வாங்கிய அட்டை மூன்று மூட்டை என்று பேரேட்டில் இருந்தது. விற்ற சீட்டு ஒரு மூட்டைக்குத்தான் இருந்தது. மற்ற இரண்டும் மழையில் கெட்டுப்போய் அப்பாவே குழி தோண்டிப் புதைத்தவை. புதைத்ததற்கு யார் சீட்டு எழுதி வைப்பார்கள்? உப்புக் குவியலைக்கூடக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, எங்கே ஒளித்தாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சதாம் உசேன் அல்ல என்பதைத் தவிர, ஈராக்கின் கதையும் பெரிதும் இதுதான். 1991இல் தன்னிடமிருந்த இரசாயன ஆயுதங்களில் ஒரு பகுதியை ஆய்வாளர்கள் பார்க்காமலேயே அழித்துவிட்டு, பிறகு சான்று காட்ட முடியாமல் அது தவித்தது.

ஈராக் கொடுத்த ஓர் ஆவணப்படி ஏறத்தாழ 1,000 டன் இரசாயனப் பொருளுக்குக் கணக்கு இல்லை. ஆயினும் 2003 பிப்ரவரி 14 அன்று பாதுகாப்புச் சபையில் பேசிய தலைமை ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ், கணக்கில்லை என்பதாலேயே அவை இருக்கின்றன என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது என்று எச்சரித்தார். உன் பேச்சுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் உண்டு. பாதுகாப்புச் சபையின் 1991ஆம் ஆண்டு 687ஆம் தீர்மானப்படி ஈராக்கின் ஏவுகணைகள் 150 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நேர்கோட்டில் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ அவ்வளவு தூரம். அல் சமூத் 2 ஏவுகணை ஒரு சோதனையில் 183 கிலோமீட்டர் பறந்திருந்தது, அதாவது திண்டுக்கல்லை நெருங்கும் தூரம். அது விதிமீறல் என்று முடிவாகி, ஆய்வாளர்கள் மேற்பார்வையில் ஈராக் அவற்றை மார்ச் 1 முதல் புல்டோசரால் நசுக்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் 34 ஏவுகணைகள் ஒழிந்தன. நாம் பார்த்துக்கொண்டிருப்பது பல்குத்தும் குச்சிகள் உடைவதை அல்ல என்று பிளிக்ஸ் மார்ச் 7 அன்று சொன்னார். மீதி வேலைக்கு ஆண்டுகளும் வேண்டாம், வாரங்களும் போதா, மாதங்கள் வேண்டும் என்றும் சொன்னார். ஈராக் நைஜரிடம் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட தாள்கள் உண்மையானவை அல்ல என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் அறிவித்ததும் அதே நாள்தான். மார்ச் 18இல் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். 20இல் குண்டு விழுந்தது. பிறகு அமெரிக்காவே அனுப்பிய குழு நாடு முழுவதும் தேடி, ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று 2004இல் எழுதிக் கொடுத்தது.

தொண்டி, முன்னாள் தமாம் ஊழியர்:
வாப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, அவர் கேட்ட சத்தம் 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையும் அல்ல, அல் சமூத்தும் அல்ல. அது கப்பலைத் தாக்கச் செய்த சீன வகை ஏவுகணை; அதன் வழக்கமான எட்டுத்தூரம் 150 கிலோமீட்டருக்குள்தான் என்பதால் அந்த வரம்பை அது மீறவும் இல்லை. கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. பேட்ரியாட்டோ வானத்து உயரத்திலிருந்து இறங்குவதை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

தடுப்பு அமைப்பை நான் அளவுக்கு மேல் நம்புவதில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியில் எங்கள் தமாமுக்குப் பக்கத்து ஊரான தஹ்ரானில் ஒரு ஸ்கட் படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அங்கிருந்த பேட்ரியாட் நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடியதில் அதன் கடிகாரம் மூன்றிலொரு விநாடி பிசகியிருந்தது. அந்த இடைவெளியில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும் என்பதால், கருவி வானத்தில் வேறிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

ராமநாதபுரம் ஆசிரியர்:
ஒரு மறுப்பு. 1998 டிசம்பருக்குப் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுவை ஈராக் உள்ளே விடவில்லை. எல்லையில் படை குவியத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. ஆயுதக் களைவை ஈராக் இன்னும் மனதார ஏற்கவில்லை என்று சனவரி 27இல் சொன்னவரும் இதே பிளிக்ஸ்தான். எதிரணி இதைத்தான் எடுத்து வீசும்.

மண்டபம் கருவாட்டுக்காரர்:
ஐயா சொல்வது சரி. மறுக்க வேண்டாம் தம்பி, ஒப்புக்கொண்டே பேசு. படையைக் காட்டியதால் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஏன் அடித்தார்கள் என்று கேள்.

கீழக்கரை மாணவன்:
மிக்க நன்றி. பிப்ரவரி 14 பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாவற்றையும் வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் அப்பாவைக் கடைசியில் விட்டுவிட்டார்களா என்று கேட்கச் சொன்னார்கள்.

மண்டபம் கருவாட்டுக்காரர்:
விட்டுவிட்டார்கள். பேரேட்டை மட்டும் கொண்டுபோனார்கள்; அது இன்னும் திரும்பி வரவில்லை.