அப்டேட்: பறக்குற பறவைக்கு எந்த கேமரான்னு கேட்டிருந்தேன்ல, முடிவாயிட்டு

மணக்குடி காயல்ல ஆலாப் பறவை மீனுக்குப் பாயும்போது பழைய டிஎஸ்எல்ஆர் போகஸ் பறவையை விட்டுட்டு பின்னாடி நிக்க தென்னைக்குப் போயிருது, கேனான் ஆர்7 எடுக்கவா சோனி ஏ6700 எடுக்கவான்னு கேட்டிருந்தேன். ரெண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாத்துட்டு ஆர்7 வாங்கியாச்சு.

கேமரா பாடியை விட லென்ஸ்தான் முடிவு பண்ணிச்சு பாத்துக்கிடுங்க. சோனி 200-600 அருமையான லென்ஸ், ஆனா ரெண்டு கிலோவுக்கு மேல, தேரூர் குளத்துக் கரையில கையில தூக்கிட்டு நின்னா பறவை வரும்போது கை நடுங்குது. கேனான் 100-400 வெறும் 635 கிராம், ஆர்7 சென்சார் சின்னது, 1.6 மடங்கு கிராப், அதனால 400 எம்எம்மே 640 எம்எம் அளவுக்கு கிட்ட காட்டுது. 400ல லென்ஸ் எப்/8 வரைக்கும்தான் தெறக்கும், வெளிச்சம் கம்மியாதான் உள்ள வரும், அதனால விடியக்காலம் ஐஎஸ்ஓ ஏறி படத்துல புள்ளி புள்ளியா தெரியும், நம்ம ஊர் வெயில் ஏறிட்டா அந்தக் கவலை இல்ல, ஷட்டர் வேகம் 1/2500 செகண்ட் தாராளமா கிடைக்கும்.

கூழைக்கடா, நாரைக்கெல்லாம் ஆர்7 போகஸ் கண்ணை டக்குன்னு பிடிக்குது. ஆலாவுக்கு தலையில கருப்புத் தொப்பி, கண்ணும் கருப்பு, அதனால பல நேரம் கண்ணை விட்டுட்டு ஒடம்பைத்தான் பிடிக்கும், அதுவே போதும், படம் ஷார்ப்பா வருது.

எலக்ட்ரானிக் ஷட்டர்ல செகண்டுக்கு 30 பிரேம் இருக்கேன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தாங்க. சென்சார் வரிவரியா படிக்குறதுனால வேகமா அடிக்குற றெக்கை வளைஞ்சு தெரியுது அண்ணே, மெக்கானிக்கல்ல 15 பிரேமே நான் வச்சிருக்கேன். பாயுற ஆலாவுக்கு அது தாராளம்.