பழைய டிஒய் 175: பின் சக்கரத்தை டியூப்லெஸ் ஆக்கலாமா?

சிப்புட்_மோட்டார்:
வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன், தோட்டத்து மண் ரோடும் ஆற்றோரப் பாறையும்தான் நம்ம ஓட்டம். வண்டி எழுபதுகளில் வந்த யமஹா டிஒய் 175, பாறை, மேடு பள்ளத்தில் மெதுவாகக் காலூன்றாமல் ஓட்டும் டிரையல்ஸ் வகை, பின்னால் 4.00-18 டயர், முன்பு வைத்திருந்தவர் 1.85 இஞ்ச் அகல அலுமினிய ரிம் போட்டு வைத்திருக்கிறார். பாறை ஏறக் காற்றைக் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கி ஜோடியாக ஓட்டை விழுகிறது, சரி காற்றை ஏற்றிக்கொண்டு போனால் செம்பனை மட்டை முள் இருக்கவே இருக்கிறது. மோட்டார் கடையில் கேட்டால் "ஸ்போர்ட் ரிம் மாத்து" என்கிறார்கள், அதாவது கம்பி இல்லாத வார்ப்புச் சக்கரம், கப்சாய் என்கிற சின்ன மோட்டாருக்கு மாற்றுவது போல. ரிம்மில் கம்பிகளைத் திருகிப் பிடிக்கும் நிப்பிளுக்கு மேல் டேப் ஒட்டி டியூப்லெஸ் ஆக்குகிறார்களே, அது இதற்குத் தாங்குமா? முன் சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா?

கூலிம்_பட்டறை:
முதல் வேலை, ஸ்போர்ட் ரிம் பேச்சை விடு தம்பி. பாறையில் இடிக்கிற வண்டிக்குக் கம்பிச் சக்கரம்தான் வளைந்து கொடுக்கும்.

டேப் தாங்கும். ஆனால் ஒட்டுவதற்கு முன் செய்கிற வேலைதான் பாதி. சக்கரத்தின் கோணலை முதலில் எடுத்துவிடு, ஏனென்றால் சீல் பண்ணிய பிறகு நிப்பிளைத் திருகினால் சீல் பிய்ந்துபோகும். நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் ராவு, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாமல் அசிட்டோன் போட்டுத் துடை, ஒவ்வொரு நிப்பிள் மேலும் சீலண்ட் வைத்து ஒரு நாள் காய விடு, அப்புறம்தான் டேப். 3எம் கம்பெனியின் 4412என் என்ற தடித்த டேப்பைத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள். டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கிற ரிம் லாக்கைக் கழற்றினால் அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும், அதை மறந்துவிட்டு டேப்பைத் திட்டாதே.

முன்னால் 21 இஞ்ச், அதில் கை வைக்காதே. இன்றைக்கு வருகிற புது டிரையல்ஸ் வண்டிகளிலும் முன்னால் டியூப்தான்.

லாபிஸ்_ரெட்டைஷாக்:
பட்டறை அண்ணன் சொன்ன முறை சரி, ஆனால் தம்பியின் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காற்று நிப்பிள் வழியாகப் போவது சின்ன விஷயம், டயரின் பீட், அதாவது ரிம்மில் உட்காரும் ஓரம், ரிம்மில் நிற்குமா என்பதுதான் கேள்வி. டிரையல்ஸில் பின்னால் 4, 5 பிஎஸ்ஐயில் ஓட்டுகிறோம். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில் பீட் உட்காரும் இடத்துக்கு உள்பக்கம் ஒரு மேடு இருக்கும், அதுதான் பீடை உள்ளே சரிய விடாமல் பிடிக்கிறது. பழைய டியூப் ரிம்மில் அது கிடையாது. பக்கவாட்டில் ஒரு கல் தள்ளினால் போதும், மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். தோட்டத்து நடுவில் அந்த டயரைத் திரும்ப உட்கார வைக்கக் கைப்பம்பு உதவாது, கம்ப்ரெஸர் வேண்டும். டியூப் இருந்தாலாவது ஒட்டுப் போட்டு வீடு வந்து சேரலாம்.

டயரும் வேறு வேறு. மிஷ்லின், டன்லப், ஐஆர்சி இந்த மூன்றிலும் டிரையல்ஸ் பின் டயர் இருக்கிறது, வாங்கும்போது பக்கத்தில் டிடி (டியூப் போடுவது) என்று போட்டிருக்கிறதா டிஎல் (டியூப்லெஸ்) என்று போட்டிருக்கிறதா பார். டிஎல் டயர் 2.15 இஞ்ச் அகல டியூப்லெஸ் ரிம்முக்குச் செய்தது, பீட் இறுக்கம், உன் 1.85இல் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

சிப்புட்_மோட்டார்:
அப்போ டியூப்லிஸ் (Tubliss) என்று ஒரு சாமான் விற்கிறதே அண்ணே, உள்ளே சின்ன டியூப் மாதிரி?

லாபிஸ்_ரெட்டைஷாக்:
அது வேறு யோசனை. ரிம்மை ஒட்டி ஒரு சின்னப் பை, அதில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அடித்தால் அது பீடை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும், வெளியே டயரில் நீ விரும்பிய அளவுக்குக் காற்றைக் குறைக்கலாம். காட்டுப் பாதையில் நீண்ட தூரம் ஓட்டும் எண்டூரோ ஆட்களுக்குப் பிடித்த சாமான். ஆனால் ஓட்டப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பையின் காற்றைப் பார்க்க வேண்டும், அது இறங்கினால் எல்லாம் இறங்கியது. வாங்குவதற்கு முன் உன் ரிம் அகலத்துக்குப் பொருந்துமா என்று விற்பவரிடம் கேள்.

காசு இருந்தால் டியூப்லெஸ் டிரையல்ஸ் ரிம் ஒன்று வாங்கி உன் பழைய ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுக்குடம்) கம்பி கோர்த்துவிடு, சிலவற்றில் நிப்பிள்களை மூடும் ரப்பர் பட்டையும் கூடவே வரும். ஆர்டர் பண்ணும் முன் ஹப்பில் ஓட்டை எத்தனை என்று எண்ணு, பழைய வண்டியில் பெரும்பாலும் 36, புது ரிம் பல 32. இன்னொன்று, அகலமான டயர் செயினிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசுமா என்று அளந்து பார், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் உள்ள இந்த ரெட்டை ஷாக் வண்டியில் இடம் கொஞ்சம்தான். காசு இல்லையா, தடித்த டியூப், டிடி டயர், இரண்டு ரிம் லாக். போதும்.

கூலிம்_பட்டறை:
பீட் விஷயத்தில் லாபிஸ் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், நான் ஒட்டிக் கொடுத்த வண்டியெல்லாம் 12, 15 பிஎஸ்ஐயில் மண் ரோட்டில் ஓடுகிறவை. ஆனால் முள்ளுக்கு டியூப்லெஸ்தான் ராஜா, சக்கரத்தைக் கழற்றாமலே பிளக் குத்திவிட்டுப் போகலாம். தம்பி, ரிம் கோர்ப்பதாக இருந்தால் ஹப்பைக் கொண்டு வா. பழைய கம்பியை வெட்டிப் போட்டுவிடாதே, கழற்றி எடுத்து வா, நீளம் அளக்க வேண்டும்.