டயப்பரை நிறுத்தலாம், துவைப்பது யார்?

மலைக்காற்று (ஏற்காடு):
மாமியாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கைத்தாங்கலாகப் பிடித்தால் நாற்காலியில் உட்காருவார், ஆனால் சிறுநீர் போவது அவருக்கே தெரிவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று டயப்பர், ஒன்று 35 ரூபாய். மாதம் மூவாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. நாங்கள் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கிறவர்கள், எஸ்டேட் முதலாளி இல்லை.

பணத்தைக்கூட விடுங்கள். குப்பை வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும். அதுவரை மூட்டை கட்டி நான்தான் சுமக்க வேண்டும். போன வாரம் நாய் ஒரு மூட்டையைக் கிழித்துவிட்டது. ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் மிளகுக் கொடிக்கு அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி கொட்டினது மாதிரி உப்பிக் கிடக்கிறது. அள்ளினால் விரலிடுக்கில் வழுக்குகிறது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் அள்ளினேன்.

அதனால் மாமியாருக்குத் துவைத்துக் கட்டும் துணி டயப்பர், எனக்கும் பத்தாவது படிக்கும் மகளுக்கும் மாதவிலக்குக்குத் துணி பேட் அல்லது கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம்) என்று முடிவு செய்திருக்கிறேன். இப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மழைக்காலத்தில் எப்படிக் காயவைக்கிறீர்கள்?

குகைத்தறி (சேலம்):
நல்ல முடிவுங்க. நீங்கள் அள்ளிய ஜவ்வரிசிக்கு சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடித்துக் களியாகும். சுற்றிலும் இருப்பது பிளாஸ்டிக். நம் பேரன் காலத்திலும் அது மண்ணில் அப்படியே கிடக்கும்.

கேரளாவில் எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி என்று ஒரு ஊராட்சி. 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவித்தார்கள். பெண்களுக்கு கப் கொடுத்து, பயிற்சியும் கொடுத்துச் செய்தது. அங்கே முடியும்போது தறி ஓடும் சேலத்தில் முடியாதா? நம் பாட்டிமார் என்ன டயப்பரா கட்டினார்கள்? நல்ல கைத்தறிப் பருத்தி, நாலு மடிப்பு, வெயில். தீர்ந்தது.

கணக்கும் போட்டுவிடுகிறேன். துணி சீக்கிரம் நனையும் என்பதால் நாளைக்கு ஆறு மாற்று. காய மூன்று நாள் என்று வைத்தாலும் 18 போதும். ஒன்று 400 ரூபாய் என்றால் 7,200. மூன்று மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும்.

அம்சா (அஸ்தம்பட்டி):
தறி அண்ணா, கணக்கில் ஒரு வரி விட்டுப்போச்சு. நாளைக்கு ஆறு என்றால் மாதம் 180 துணி. அலசி, ஊறவைத்து, கசக்கி, பிழிந்து, உலர்த்தி, மடித்து வைப்பது யார்? அதற்கு ரூபாய் போட்டீர்களா?

என் அம்மாவை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். முதல் எட்டு மாதம் துணிதான். என் கையில் தோல் உரிந்து சோப்புப் பட்டால் எரியும். வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும்போது என்மேல் மூத்திர வாடை வருகிறதோ என்று கையை மோந்து பார்த்துக்கொள்வேன். டயப்பர் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நேரம் கிடைத்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்த வேலை எப்போதும் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் இரண்டு கைக்குத்தான் வந்து சேர்கிறது.

பாட்டி காலத்துப் பருத்தியைப் பற்றியும் சொல்கிறேன். என் பாட்டி தூரத்துணியை வெயிலில் போட்டதே இல்லை. ஆண்கள் கண்ணில் படக்கூடாதாம். கொல்லை இருட்டில், பாவாடைக்கு அடியில், பாதி ஈரத்தோடு கிடக்கும். அதையே எடுத்துத் திரும்பக் கட்டுவார். அரிப்பும் புண்ணும் பொம்பளைக்கு வருவதுதான் என்று நினைத்திருந்தார். அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் வந்தபோது நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஒரு ஆசிரியையைக் கேளுங்கள்.

உண்மைவிளம்பி:
இதையெல்லாம் பொதுவெளியில் பேசித்தான் ஆகணுமா?

அம்சா:
உங்கள் வீட்டில் யாருக்கும் வயசாகாதா?

ஓய்வுபெற்ற செவிலி (கன்னங்குறிச்சி):
மலைக்காற்று, துணியா டயப்பரா என்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மாமியாரை நேரம் வைத்து உட்கார வைக்கிறீர்களா? நாற்காலியில் உட்காருவார் என்றால் நடுவில் ஓட்டை வைத்த கமோட் நாற்காலி ஒன்று வாங்குங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் உட்கார வையுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இது பலன் தந்து பார்த்திருக்கிறேன். நனையும் துணி பாதியாகக் குறைந்தால் உங்கள் சண்டையும் பாதியாகக் குறையும்.

சட்டென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்றா, சர்க்கரையா என்று சோதித்துவிடுங்கள். துணி மிச்சமாகும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள். நிறைய வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள், சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும்.

தோலைப் பொறுத்தவரை அம்சா பக்கமும் நியாயம் இருக்கிறது. டயப்பரில் உள்ள களி ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். துணியில் ஈரம் தோலோடு நிற்கும். நனைந்த உடனே மாற்ற ஆள் இருந்தால் துணி நல்லது. ராத்திரி எழுந்து மாற்ற ஆள் இல்லையென்றால் துணி புண்ணில் கொண்டுபோய் விடும். அதற்காக ஒரே டயப்பரை நாள் முழுக்கக் கட்டி வைப்பதும் புண்தான். ராத்திரிக்கும், வயிற்றுப்போக்கு நாளுக்கும், வெளியூர்ப் பயணத்துக்கும் டயப்பர், மற்ற நேரம் துணி என்று வைத்துக்கொள்ளலாமே. யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை.

அப்புறம், இங்கே எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கு: இருமினால், சிரித்தால் கசிகிறது என்று நாப்கின் வைத்துச் சமாளிக்காதீர்கள். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இருக்கிறது. மருத்துவரிடம் போனால் சொல்லித்தருவார்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் நிறையப் பேருக்குக் குறைகிறது.

குகைத்தறி:
அம்சா, சரி, உழைப்பை விட்டது என் தப்பு. ஆனால் உங்கள் அம்மாவின் டயப்பர் எல்லாம் எங்கே போனது? செட்டிச்சாவடி குப்பைமேட்டுக்குத்தானே? அங்கே போகும் முன்னால் ஒரு தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரித்தெடுக்கிறார். அவரும் பெரும்பாலும் பெண்தான். உங்கள் கைக்கு வராத வேலை அவர் கைக்குப் போயிருக்கிறது.

அம்சா:
அதற்குப் பதில் என்னிடம் இல்லை. 2016 திடக்கழிவு விதியே சொன்னது, இந்தக் குப்பையைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கான உறையை விற்கிற நிறுவனமே தர வேண்டும் என்று. டயப்பர் வாங்கிய காலம் முழுக்க ஒரு பாக்கெட்டிலும் நான் அந்த உறையைப் பார்க்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

வரியையும் பாருங்கள். நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் டயப்பருக்கு 12 சதவீதம் அப்படியே இருந்தது. 2025 செப்டம்பரில்தான் 5 ஆக இறங்கியது. அதற்குள் என் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

துணி என்றாலே பூமிக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் குழந்தை டயப்பரை வைத்துக் கணக்கிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்தில் தூக்கியெறிவதால் 550 கிலோ கரியமில வாயு, துணியால் சராசரியாக 570 கிலோ. துணிதான் கூட!

குகைத்தறி:
அந்த 570 சுடுதண்ணீரில் துவைப்பதும், சிலர் டிரையரில் உலர்த்துவதும் சேர்ந்த சராசரிக் கணக்கு. அதே அறிக்கையில், முழு லோடு போட்டு, கொடியில் உலர்த்தி, அதையே இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் சுமார் 40 சதவீதம் குறையும் என்றும் இருக்கிறது. நமக்கு வெயில் சும்மா கிடைக்கிறது.

மலைக்காற்று:
அண்ணா, ஐப்பசியில் ஏற்காட்டுக்கு வந்து அந்த வெயிலைக் கொஞ்சம் காட்டிவிட்டுப் போங்கள். பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்றால் எதிரில் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. காப்பிக்கொட்டையே களத்தில் காய மாட்டேன் என்கிறது, துணி எங்கே காயும்? பள்ளிச் சீருடையை அடுப்பு மேடைமேல் கயிறு கட்டிக் காயவைக்கிறோம்.

மகள் பிறந்தபோது மாமியார் ஒரு வேலை செய்வார். மூங்கில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் சட்டியில் தணல் வைத்து, மேலே குழந்தைத்துணியைப் பரப்புவார். ஒரு சிட்டிகை சாம்பிராணியும் போடுவார். பத்து நிமிடத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அதை இப்போது அவருக்கே செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி:
வெறும் பருத்தி மடிப்பு என்றால் செய்யலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடையில் வரும் துணி டயப்பரில் ஈரம் வெளியே வராமல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்று இருக்கும். அது சூட்டில் வீணாகிவிடும். அதனால் மேலுறை நாலு மட்டும் வாங்கி, உள்ளே வைக்கும் மடிப்பை நிறையத் தைத்துக்கொள்ளுங்கள். மேலுறை துடைத்துப் போட்டாலே காய்ந்துவிடும்.

ரத்தக்கறைக்கு முதலில் பச்சைத்தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மூத்திரத்துணியை வாளியில் மூடி இரண்டு நாள் போட்டு வைக்காதீர்கள், உடனே ஒரு அலசு அலசிவிட்டால் அந்தக் காரநெடி ஏறாது. கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் வேண்டாம், துணி உறிஞ்சாமல் போய்விடும். வாசலினை அப்பி வைத்தாலும் அதே கதைதான்.

ஹாஸ்டல்வாசி:
பெரியவர்கள் டயப்பரிலேயே நிற்கிறீர்கள், கப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று வருடமாக கப்தான். முதல் இரண்டு மாதம் சரியாக உட்காரவில்லை, கசிந்தது, அழுதேன். மூன்றாவது மாதம் பழகிவிட்டது. லான்செட்டின் பொது சுகாதார இதழில் 2019இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழகியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள், கசிவும் நாப்கினைவிட அதிகமில்லை. மாதத்துக்கு ஒரு முறை தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் போதும், வருடக்கணக்கில் வரும். உலர்த்தும் பிரச்சினையே இல்லை, மலைக்கு இதுதான் சரி.

துணி பேடை ஹாஸ்டலில் துவைக்கப் பார்த்தேன். பத்துப் பேருக்கு ஒரு குழாய், வெளியே வரிசை. முடியாது.

மலைக்காற்று:
எனக்கு கப் வாங்கிவிட்டேன். மகள், எனக்கு பயமாக இருக்கும்மா என்றாள். வற்புறுத்தவில்லை. பள்ளிக்கு நாப்கின், வீட்டில் இருக்கும் நாளில் துணி பேட் என்று அவளே சொன்னாள்.

அம்சா:
இதில்தான் எனக்குச் சந்தோஷம், அவள் முடிவு அவளுடையது. தறி அண்ணா, உங்களிடம் ஒரே கேள்வி. உங்கள் அப்பாவுக்கும் இந்தப் பிரச்சினை இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அவர் வேட்டியை யார் துவைக்கிறார்கள்?

குகைத்தறி:
மனைவி.

குகைத்தறி (நான்கு நாள் கழித்து):
ஞாயிற்றுக்கிழமை முதல் நான்தான் துவைக்கிறேன். முதல் அலசலில் தண்ணீர் மஞ்சள், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில்தான் வாடை போனது. ஒரு வேட்டிக்கு மூன்று வாளி. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வராத நாளில் இது முடியாது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். ராத்திரிக்கு ஒரு பாக்கெட் டயப்பர் வாங்கினேன். சிரிக்காதீர்கள்.

மலைக்காற்று, தறியில் மிச்சமான பருத்தி கொஞ்சம் இருக்கிறது. மடிப்புக்கு எத்தனை அகலம் வேண்டும்?

அம்சா:
சிரிக்கவில்லை அண்ணா. பிழிந்தது யார்?

குகைத்தறி:
நானேதான். கொடியில் போட்டது மட்டும் பையன்.

மலைக்காற்று:
பதினாலு அங்குலம். கமோட் நாற்காலி நேற்று வந்துவிட்டது. இன்று பகலில் இரண்டு துணிதான் நனைந்தது.