பட்டையில் குடித்த பதனி, கொட்டானில் வந்த கருப்பட்டி

எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரம். பங்குனி பிறந்துட்டாலே விடிஞ்சதும் தெருவுல பனையில இறக்குன பதனிக் குடம் வந்துரும். வீட்டுல இருந்து செம்பு, தம்ளர் எதுவும் எடுத்துட்டு ஓட வேண்டாம். பதனிக்கார அக்காவே பனையோலையை விரிச்சு மடக்கிக் கட்டி, பட்டை பிடிச்சுக் குடுப்பாங்க. ரெண்டு கையாலயும் ஏந்தி வாய வச்சு உறிஞ்சணும். முதல்ல பச்சை ஓலை வாசம் ஏறும், அடுத்து சுண்ணாம்புக் காரல் லேசா, அதுக்கப்புறம்தான் இனிப்பு. மாங்காயோ நுங்கோ சீவிப் போட்டுட்டா அன்னிக்குக் காலைப் பலகாரமே வேண்டாம். பட்டை காலியாகுறப்போ கேக்காமலே இன்னொரு வாய் ஊத்துவாங்க. அதுக்குக் காசு கிடையாது.

வெயில் ஏறிட்டா பதனி ருசி மாறிரும். அதனால வித்தது போக மிச்சம் பதனி காய்ச்சுற குடிசைக்கு, எங்க பேச்சுல விடிலிக்குப் போயிரும். அங்க கெட்டிப் பாகா, அதாவது கூப்பனியாக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில ஊத்தி ஆற வச்சா கருப்பட்டி.

கருப்பட்டி வாங்குறதுல எங்க ஆச்சியை யாரும் ஏமாத்த முடியாது. விலை பேசுறதுக்கு முந்தியே ஒண்ணை எடுத்து உடைப்பாங்க. உள்பக்கம் பளபளன்னு மின்னுச்சுன்னா சீனி கலந்திருக்குன்னு அப்படியே வச்சிருவாங்க. மங்கலா, கறுத்து இருந்தா ஒரு துண்டு நாக்குக்குப் போகும். லேசாக் கரிச்சாத்தான் திருப்தி. விக்கிறவங்களுக்கு அதுல வருத்தமே இருக்காது. உடைச்ச மிச்சத்தை எங்க கையில குடுத்துட்டு, "சாப்பிடு மக்கா"ன்னு சொல்லிட்டுத்தான் நிறுக்கவே ஆரம்பிப்பாங்க. கையில காசு இல்லாத அறுப்புக் காலத்துல நெல்லை அளந்து போட்டு வாங்குனதும் உண்டு.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மிட்டாய்க்கடை வந்துட்டா கருப்பட்டி மிட்டாயும் சேவும் கொட்டான்ங்கிற சின்ன ஓலைப்பெட்டியிலதான். சூடு ஆறாத மிட்டாயோட பாகு ஓலையில ஊறி, மறுநாள் திறந்தா அந்த வாசமே தனி. பிளாஸ்டிக் பையில அது வரவே வராது.

எங்க பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனா பனை ஏற ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது, அதுதான் வேதனை. சித்திரை, வைகாசியில அந்தப் பக்கம் வாறவங்க ரோட்டோரக் கடையோட நின்னுராதீங்க. ஊருக்குள்ள விடிலி எங்கன்னு விசாரிச்சுப் போங்க, சிரட்டையில இருந்து எடுத்ததை உடைச்சுப் பார்த்தே வாங்குங்க. ஓலைப்பெட்டிக்குத் தனியாக் காசு கேட்டா பேரம் பேசாமக் குடுங்க, அது முடைஞ்ச கைக்குப் போற கூலி.